சிறிய அபர்ச்சர் டெலி லென்ஸில் ஃபோகஸ் பிடிப்பது எப்படி: குமரி மாவட்டத்தில் பறவை எடுக்கத் தொடங்குபவர்களுக்கு

குமரி மாவட்டத்தில் பறவைகளைப் படமெடுக்கப் புதிதாகக் கிளம்புகிறவர்கள் கையில் பெரும்பாலும் ஒரு 70-300 அல்லது 150-600 ஜூம் இருக்கும். சுசீந்திரம் குளத்தின் நடுவில் நிற்கும் நாரையைக் குறிவைத்துப் பட்டனை அரைவாசி அழுத்தினால், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், ஃபோகஸ் நிற்காது. "அண்ணே, லென்ஸ் போயிடுச்சா?" என்று கேட்பவர்கள் நிறைய. பெரும்பாலும் லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதன் அதிகபட்ச அபர்ச்சரே சிறியது. அந்தச் சின்னத் துளை வழியே வரும் ஒளியை வைத்து ஃபோகஸ் செய்ய ஒவ்வொரு கேமராவுக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லை எது என்று தெரிந்துகொண்டு போனால், விலை குறைந்த லென்ஸிலேயே நல்ல படம் கிடைக்கும். லட்சக்கணக்கில் கொட்டி எஃப் 4 லென்ஸ் வாங்க முடியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லென்ஸில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள்

லென்ஸின் முன் வளையத்தில் 1:5-6.3 என்பதுபோல ஓர் எண் இருக்கும். ஜூமைச் சுருக்கி வைத்தால் எஃப் 5 வரை திறக்கும், முழுக்க நீட்டினால் எஃப் 6.3 வரைதான் திறக்கும் என்று அர்த்தம். எண் பெரிதாக ஆகத் துளை சிறிதாகும். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 600 எம்.எம். லென்ஸ் எஃப் 4 ஆக வேண்டுமென்றால் துளை 150 எம்.எம். அகலம் வேண்டும். எஃப் 6.3-க்கு 95 எம்.எம். போதும். எஃப் 11 என்றால் 55 எம்.எம். கூட வேண்டாம். எடையும் விலையும் இறங்குவது இதனால்தான்; ஒளியும் கூடவே இறங்கும். எஃப் 4-ல் வரும் ஒளியில் பாதிதான் 5.6-ல் வரும், அதில் பாதி 8-ல், அதிலும் பாதி 11-ல். இப்படி ஒளி பாதியாகும் ஒவ்வொரு படியையும் ஒரு ஸ்டாப் என்பார்கள்.

இந்த இடத்தில் பலரும் குழம்புவார்கள். "நான் எஃப் 11 வைத்துத்தான் எடுக்கிறேன், ஃபோகஸ் நன்றாகத்தானே விழுகிறது?" என்பார்கள். டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் (உள்ளே கண்ணாடி வைத்த வகை) நீங்கள் எந்த எண்ணை வைத்தாலும், ஃபோகஸ் செய்யும் நேரம் முழுக்க அபர்ச்சர் அகலத் திறந்தேதான் இருக்கும். பட்டனை முழுதாக அழுத்தி ஷட்டர் திறக்கும் அந்த நொடியில்தான் நீங்கள் வைத்த அளவுக்குச் சுருங்கும். ஆகவே ஃபோகஸைத் தீர்மானிப்பது நீங்கள் வைத்த எண் அல்ல, லென்ஸ் அதிகபட்சம் எவ்வளவு திறக்கிறது என்பதுதான். கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் இது வேறு மாதிரி, பின்னால் சொல்கிறேன்.

கேமராவின் எல்லை எங்கிருந்து வருகிறது

டி.எஸ்.எல்.ஆரில் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு சின்னக் கண்ணாடி இருக்கிறது. வரும் ஒளியில் கொஞ்சத்தைக் கீழே இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்கு அது திருப்பிவிடும். அந்த சென்சார், லென்ஸின் ஓர் ஓரத்திலிருந்து வரும் ஒளியையும் எதிர் ஓரத்திலிருந்து வரும் ஒளியையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுகிறது. கட்டைவிரலை நீட்டிப் பிடித்து இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள்; விரல் இடம் மாறுவதுபோலத் தெரியும். எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து விரல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம் அல்லவா? கேமராவும் அதைத்தான் செய்கிறது. அந்த இரண்டு பார்வைகளும் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ, கணக்கு அவ்வளவு துல்லியம்.

வியூஃபைண்டரில் சின்னக் கட்டங்களாகத் தெரியும் ஃபோகஸ் புள்ளிகளில் பெரும்பாலானவை எஃப் 5.6 துளையின் ஓரங்களைப் பார்க்கும்படி அமைக்கப்பட்டவை. லென்ஸ் எஃப் 8 வரைதான் திறக்கும் என்றால், அந்தப் புள்ளிகள் பார்க்கும் ஓரமே அங்கு இல்லை; ஒளி வழியிலேயே மறைக்கப்பட்டுவிடும். வெயில் எவ்வளவு அடித்தாலும் இது சரியாகாது. வெளிச்சம் குறைவதால் வரும் சிக்கல் வேறு, ஓரம் மறைவதால் வரும் சிக்கல் வேறு. முன்னது வெயில் ஏறினால் தீரும். பின்னதற்கு வேறு புள்ளியைத்தான் தேட வேண்டும், அல்லது வேறு பாடியை (லென்ஸ் இல்லாத கேமரா).

சரி, உங்கள் பாடியின் எல்லை எவ்வளவு? கேனன் 1500டி, நிக்கான் டி3500 போன்ற தொடக்கநிலை பாடிகளுக்கு எஃப் 5.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கேனன் 5டி மார்க் 3-க்கு 2013-ல் வந்த ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) புதுப்பிப்புக்குப் பிறகு நடுப் புள்ளி எஃப் 8-லும் வேலை செய்யத் தொடங்கியது. 7டி மார்க் 2-லும் நடுப் புள்ளி எஃப் 8 வரை போகும். 2016-ல் வந்த 80டி, சில குறிப்பிட்ட லென்ஸ், டெலிகன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி உருப்பெருக்கத்தைக் கூட்டும் துண்டு) ஜோடிகளில் 27 புள்ளிகள் வரை எஃப் 8-ல் தரும். நிக்கானில் டி7100, டி7200 இரண்டிலும் நடுப் புள்ளி ஒன்று. டி500-ல் மொத்தம் 153 புள்ளிகளில் 15 மட்டும் எஃப் 8-ஐத் தாங்கும், அதிலும் நாமே தேர்ந்தெடுக்கக்கூடியவை 9. வாங்கிய நாளிலேயே மடித்து வைத்த கையேட்டில் ஃபோகஸ் பகுதியை எடுத்து, உங்கள் பாடிக்கு என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பழைய பாடியை வாங்குபவர்கள் வாங்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

"அப்படியானால் சிக்மா, டாம்ரான் 150-600 எல்லாம் எஃப் 6.3 ஆயிற்றே, அவை எப்படி 5.6 பாடியில் ஓடுகின்றன?" என்று கேட்கலாம். கேனன் டி.எஸ்.எல்.ஆர், லென்ஸ் சொல்லும் எண்ணைப் பார்த்து, எல்லையைத் தாண்டினால் ஆட்டோஃபோகஸை அடியோடு நிறுத்திவிடும். அதனால் இந்த லென்ஸ்கள் 5.6 போலவே பாடியிடம் காட்டிக்கொள்ளும். 5.6-க்கும் 6.3-க்கும் இடையே மூன்றில் ஒரு ஸ்டாப்தான் வித்தியாசம் என்பதால் நல்ல வெளிச்சத்தில் சமாளித்துவிடும். நிக்கானின் சொந்த 70-300 ஏ.எஃப்-பி லென்ஸில் ஒரு வகை 300-ல் எஃப் 6.3தான், அதுவும் டி5600-ல் ஓடுகிறது. ஆனால் ஓடுவது வேறு, அந்தி நேரத்தில் நம்பி எடுப்பது வேறு. எல்லைக்கோட்டில் இருக்கும் லென்ஸ், வெளிச்சம் மங்கியதும் முதலில் தடுமாறும்.

வீட்டு மொட்டைமாடியில் ஒரு பரீட்சை

குளத்துக்குப் போகும் முன் இதைச் செய்யுங்கள். இருபது முப்பது மீட்டர் தூரத்தில் எழுத்து பெரிதாக இருக்கும் ஒரு போர்டையோ, ஓட்டுக்கூரையின் விளிம்பையோ தேர்ந்தெடுங்கள். ஜூமை முழுக்க நீட்டி, நடுப் புள்ளியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பி எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட்டு, பட்டனை அரைவாசி அழுத்துங்கள். பலமுறை செய்யுங்கள், எத்தனை முறை ஒரே மூச்சில் பிடிக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஓரத்துப் புள்ளிகளில் அதையே செய்யுங்கள். பிறகு ஜூமைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்குங்கள். எங்கே திரும்ப 5.6 வருகிறது என்று திரையில் தெரியும். இவை அத்தனையையும் வெயில் நேரத்தில் ஒருமுறை, சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து ஒருமுறை.

இன்னொன்றும் பாருங்கள். பல புள்ளிகள் ஒரு திசைக் கோட்டைத்தான் பார்க்கும். குறுக்கு நெடுக்கு இரண்டையும் பார்க்கும் கிராஸ் புள்ளிகள் குறைவு. 1500டி-யில் நடுவில் ஒன்றே ஒன்று. எஃப் 8-க்கு வரும்போது கிராஸாக இருந்த புள்ளிகூட ஒற்றைக்கோட்டுப் புள்ளியாகிவிடலாம். மின்கம்பத்தில் பிடிக்கிறது, மின்கம்பியில் பிடிக்கவில்லை என்றால் காரணம் அதுதான். கேமராவைச் சற்றே சாய்த்துப் பிடித்து, ஃபோகஸ் பிடித்த பிறகு நேராக்கிக்கொள்ளுங்கள்.

கேமராவில் மாற்ற வேண்டியவை

நடுப் புள்ளி ஒன்றை மட்டும் வையுங்கள். எல்லாப் புள்ளிகளையும் கேமராவிடம் விட்டுவிட்டால், அது நாணல் பக்கம் போய் நிற்கும். அசையாமல் நிற்கும் பறவைக்கு ஒற்றை ஃபோகஸ், பறப்பதற்குத் தொடர் ஃபோகஸ்.

லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இருந்தால் அதைத் தூரத்துக்குத் தள்ளிவிடுங்கள். இந்த ஒரு சுவிட்சைப் பற்றித்தான் நான் எல்லாரிடமும் வற்புறுத்திச் சொல்வேன். சிறிய அபர்ச்சர் லென்ஸ் ஒருமுறை தவறவிட்டால், கிட்டத்துக்கு வந்து திரும்பத் தூரம் போவதற்குள் மீன்கொத்தி மீனோடு கிளம்பியிருக்கும். கிட்டத்தை மூடிவிட்டால் ஓட வேண்டிய தூரம் குறைகிறது. சுவிட்ச் இல்லாத லென்ஸ் என்றால், பறவை எவ்வளவு தூரத்தில் வரும் என்று பார்த்து, அதே தூரத்தில் உள்ள ஒரு கம்பத்திலோ வரப்பிலோ முன்கூட்டியே ஃபோகஸ் பிடித்து வைத்துவிடுங்கள். பறவை வந்ததும் லென்ஸ் கொஞ்சம் நகர்ந்தால் போதும். படம் முழுக்க மங்கிய நிலையில் ஒப்பிட ஒன்றுமே இல்லாமல்தான் கேமரா அலைகிறது. கிட்டத்தட்ட சரியான இடத்தில் விட்டுவைத்தால் அலையாது.

ஃபோகஸைப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றிக்கொள்வதும் நல்லது. பிடித்ததை விட்டுவிடாமல், தேவைப்படும்போது மட்டும் அழுத்தலாம்.

லென்ஸின் முன்னால் போலரைசர் ஃபில்டர் போட்டிருந்தால் கழற்றுங்கள். அது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை ஒளியைத் தின்னும்; 6.3 லென்ஸில் மிச்சம் இருப்பதே கொஞ்சம்.

டி.எஸ்.எல்.ஆரின் எல்லையைத் தாண்டிவிட்ட லென்ஸ் என்றால் லைவ் வியூவுக்கு, அதாவது பின்திரையில் பார்த்து எடுக்கும் முறைக்குப் போங்கள். அங்கே படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால், ஓரம் மறையும் பிரச்சினை அவ்வளவு இல்லை. பழைய பாடிகளில் மெதுவாகத்தான் நடக்கும். கரையில் இறகு கோதிக்கொண்டிருக்கும் பறவைக்கு அது போதும். கேனன் 70டி-யிலிருந்து டூயல் பிக்சல் (படச் சென்சாரிலேயே வேகமாக ஃபோகஸ் பிடிக்கும் முறை) வந்த பாடிகளில் வேகமும் பரவாயில்லை.

எங்கே, எப்போது

அக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வரும் காலம். சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்தவை. தொடங்குகிறவர்கள் சுசீந்திரம் குளத்தில் தொடங்கலாம். நாகர்கோவில் கன்னியாகுமரி சாலையை ஒட்டியே இருக்கிறது. ஜனவரியில் சூரியன் எழ ஆறரை மணி தாண்டும். அதற்கு முன்பே போய் எஃப் 6.3-ஐ வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். நீலத் தாழைக்கோழியின் சிவந்த நெற்றி, நாமக்கோழியின் வெள்ளை நெற்றி, இவற்றில் புள்ளியை வையுங்கள்; நிறம் மாறும் இடத்தில்தான் ஃபோகஸ் பிடிக்கும். நடு உடம்பில் வைத்தால் ஒரே நிறத்தில் கேமராவுக்குப் பிடிமானம் கிடைக்காது. கூழைக்கடா என்றால் கண்ணும் அலகும் சேரும் இடம்.

புத்தளம் உப்பளங்களில் நெடுங்கால் உள்ளான்கள் நன்றாகக் கிடைக்கும். அங்கே எதிரி வெயில். ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் பாத்திகளின் மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும். 600 எம்.எம். வழியே பார்த்தால் பறவையின் கால்களே அலைபாயும். அப்போது கேமரா பிடித்தது சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. எஃப் 4 லென்ஸ் வைத்திருப்பவருக்கும் அதே கதிதான். இதற்கு இருக்கும் ஒரே வழி கிட்டப் போவது. இடையில் உள்ள காற்று குறைந்தால் நெளிவும் குறையும். வரப்பில் மெதுவாக, குனிந்து, உப்பள வேலை செய்பவர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். பறவை தலையை நிமிர்த்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

மணக்குடி பொழிமுகத்தில் ஆலாக்கள் சுற்றிச் சுற்றிப் பறந்து தண்ணீரில் குத்திப் பாயும். பின்னால் வெறும் வானம் என்றால் சிறிய அபர்ச்சர் லென்ஸுக்கு இது சுலபமான பாடம்: வெளிச்சம் நிறைய, பின்னணியில் கேமராவை ஏமாற்ற ஒன்றும் இல்லை. தென்னந்தோப்பின் பக்கம் பறவை திரும்பினால் ஃபோகஸ் தோப்புக்குத் தாவிவிடும். ஆகவே வானம் பின்னணியாக வரும் இடத்தில் நின்று, பறவை தூரத்தில் வரும்போதே பிடிக்கத் தொடங்குங்கள். ஜூமைக் கொஞ்சம் சுருக்கி வைத்திருந்தால் கண்டுபிடிப்பதும் சுலபம், அபர்ச்சரும் சற்று கூடும். ஷட்டர் 1/1600-க்குக் கீழே இறக்க வேண்டாம்; ஐ.எஸ்.ஓ ஏறினால் ஏறட்டும். பொழியில் வலை வீசுகிறவர்களும் வள்ளக்காரர்களும் இருப்பார்கள். அவர்களை எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

கடற்கரையில் இன்னொரு தொல்லை. கன்னியாகுமரியிலோ முட்டத்திலோ அரை மணி நேரம் நின்றால் முன் கண்ணாடியில் உப்புப் படலம் படிந்துவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. படத்தின் பளிச்சென்ற தன்மையை அது குறைப்பதால், ஏற்கெனவே எல்லையில் இருக்கும் ஃபோகஸ் தடுமாறத் தொடங்கும். காலையில் நன்றாகப் பிடித்த லென்ஸ் அரை மணியில் அலைய ஆரம்பித்தால், முதலில் கண்ணாடியைப் பாருங்கள். உலர்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். ஊதுபந்தால் ஊதிவிட்டு, லென்ஸ் திரவத்தில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் மவுண்டின் (லென்ஸைப் பாடியில் மாட்டும் இடம்) உலோகத் தொடுபுள்ளிகளையும் உலர்ந்த துணியால் துடையுங்கள். அங்கே அழுக்குப் படிந்தால் லென்ஸும் பாடியும் பேசிக்கொள்வதே தடைப்படும்.

சூரிய உதயத்தை எடுக்க டெலி லென்ஸோடு போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டி.எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டர் வழியே சூரியனை நேராகப் பார்க்காதீர்கள், கண் போய்விடும். லைவ் வியூவில், சூரியன் ஏறும் முன்பே விவேகானந்தர் பாறையின் விளிம்பிலோ 133 அடி வள்ளுவர் சிலையின் ஓரத்திலோ ஃபோகஸ் பிடித்து, மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். பௌர்ணமி நிலவுக்கும் இதே வழிதான்: நிலவின் நடுவில் அல்ல, விளிம்பில் பிடியுங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் நிற்பது சும்மா அல்ல. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நீளமான லென்ஸைக் கையில் பிடித்தால் ஃபோகஸ் புள்ளி பறவை மேல் நிற்கவே நிற்காது. காரின் கதவு விளிம்பில் ஒரு பயறு மூட்டையை வைத்து அதன்மேல் லென்ஸைச் சாய்ப்பது, ஆடும் டிரைபாடைவிட நல்லது.

கீரிப்பாறை, காளிகேசம் பக்கம் போகிறீர்களா? வனத்துறை அனுமதிக்கும் இடம் வரை மட்டும் போங்கள். அங்கே எஃப் 6.3 உண்மையாகவே திணறும். மரக்கூரைக்குள் இருவாட்சியின் குரல் கேட்கும், ஃபோகஸ் கிடைக்காது. உயரக் கிளையில் வெயில் விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்துக் காத்திருப்பதுதான் அங்கே செய்யக்கூடியது. அதற்குக் கீழே உள்ள ரப்பர் தோட்டங்களில் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் இலை உதிரும். அந்தச் சில வாரங்கள் தோட்டத்துக்குள் வெளிச்சம் நன்றாக இறங்கும். சிறிய அபர்ச்சர் லென்ஸ் வைத்திருப்பவர்கள் அந்த நாட்களை விடவே கூடாது என்பேன்.

மிரர்லெஸ் வாங்கினால் தீருமா

பெருமளவு தீரும். படம் பிடிக்கும் சென்சாரிலேயே ஃபோகஸ் புள்ளிகள் இருப்பதால் எஃப் 5.6 என்ற பழைய சுவர் அங்கே இல்லை. கேனன் 2020-ல் எஃப் 11-லேயே திறப்பு நிலையாக நிற்கும் 600, 800 எம்.எம். லென்ஸ்களை விற்பனைக்குக் கொண்டுவர முடிந்தது இதனால்தான். ஆனால் அதிலும் கட்டுப்பாடு உண்டு. ஆர்5, ஆர்6 பாடிகளில் அந்த லென்ஸ்களைப் போட்டால், படத்தின் நடுவே அகலத்தில் சுமார் 40 சதவீதம், உயரத்தில் 60 சதவீதம் உள்ள பகுதியில்தான் ஃபோகஸ் கிடைக்கும்.

விளம்பரத்தில் "மைனஸ் 6 ஈ.வி. இருட்டிலும் ஃபோகஸ்" என்று போட்டிருப்பதையும் கவனமாகப் படியுங்கள். ஈ.வி. என்பது வெளிச்சத்தின் அளவு; எண் குறையக் குறைய இருட்டு. ஆர்5-க்கு அந்த எண் எஃப் 1.2 லென்ஸ் மாட்டி அளந்தது. எஃப் 11-க்கு வந்தால் ஆறு ஸ்டாப்புக்கு மேல் ஒளி போய்விடும். மிச்சம் இருப்பது ஏறக்குறைய பூஜ்யம் ஈ.வி. பகலுக்குத் தாராளம், அந்திக்கு இல்லை.

மிரர்லெஸில் நீங்கள் வைக்கும் அபர்ச்சரும் கணக்கில் வரும் என்று முன்பு சொன்னேன் அல்லவா? பல சோனி பாடிகளில் தொடர் ஃபோகஸின்போது லென்ஸ் நீங்கள் வைத்த அளவுக்குச் சுருங்கியே இருக்கும். ஏ7 3-ல் எஃப் 11-ஐத் தாண்டி வைத்தால் இரண்டு பார்வைகளை ஒப்பிடும் ஃபேஸ் முறை நின்றுபோய், படம் எப்போது தெளிகிறது என்று தேடும் மெதுவான கான்ட்ராஸ்ட் முறை மட்டும் மிஞ்சும். நிக்கான் இசட் பாடிகள் ஃபோகஸ் நேரத்தில் எஃப் 5.6-க்கு மேல் மூடுவதில்லை. எனவே சோனிக்காரர்கள் பறவைக்கு அபர்ச்சரை முழுக்கத் திறந்தே வையுங்கள்.

டெலிகன்வெர்ட்டர் வாங்கும் முன்

1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப்பை எடுத்துக்கொள்ளும், 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பை. 300 எஃப் 4 லென்ஸில் 1.4 போட்டால் 420 எஃப் 5.6, எந்தப் பாடியிலும் ஓடும். 400 எஃப் 5.6-ல் போட்டால் 560 எஃப் 8; எஃப் 8 நடுப் புள்ளி உள்ள பாடி வேண்டும். 2 மடங்கு போட்டால் 800 எஃப் 11, டி.எஸ்.எல்.ஆரின் வியூஃபைண்டரில் ஆட்டோஃபோகஸை மறந்துவிடுங்கள். 150-600 எஃப் 6.3-ல் 1.4 போட்டால் கிட்டத்தட்ட எஃப் 9. கன்வெர்ட்டரின் சில பின்களை டேப் ஒட்டி மறைத்துக் கேமராவை ஏமாற்றும் வழி ஒன்றைச் சிலர் சொல்வார்கள். கேமரா முயற்சி செய்யத் தொடங்கும், அவ்வளவுதான். மறைந்த ஓரம் திரும்பி வந்துவிடாது, பிடித்ததாகக் காட்டும் ஃபோகஸும் நம்பும்படி இருக்காது.

என் கருத்து, 6.3 ஜூம் வைத்திருப்பவர் கன்வெர்ட்டருக்குப் பணம் போடாமல் அந்தப் பணத்தை எஃப் 8 தாங்கும் பழைய பாடிக்கோ மிரர்லெஸுக்கோ சேர்ப்பது மேல். கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்றால், உங்கள் பாடியையும் லென்ஸையும் கடைக்குக் கொண்டுபோங்கள், சாயங்காலமாகப் போங்கள். கடைக்குள் டியூப்லைட்டின் கீழ் பார்க்காமல் வாசலுக்கு வந்து, எதிர்ச் சாரியில் உள்ள போர்டைக் குறிவைத்து, மொட்டைமாடியில் செய்த அதே பரீட்சையைச் செய்யுங்கள். அங்கே பிடிக்காவிட்டால் தேரூரிலும் பிடிக்காது, வாங்காமல் திரும்பிவிடுங்கள்.